பி-2 விமானத்துக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

2021-இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட ஒரு கொள்முதல் அறிவிப்பு, ராணுவ விவகாரங்களைக் கவனித்து வருபவர்களிடையே சலசலப்பை உண்டாக்கியது. பி-2 ஸ்பிரிட் என்ற, ரேடாருக்கு எளிதில் சிக்காத ‘ஸ்டெல்த்’ வகைக் குண்டுவீச்சு விமானத்தில் சூட்டைத் தணிக்கும் வெப்பப் பரிமாற்றி ஒன்று இருக்கிறது. அதன் உள்ளகத்தை ‘ரிவர்ஸ் இன்ஜினியரிங்’ செய்து தர ஆள் தேவை என்றது அறிவிப்பு. பழுதான உள்ளகத்தை எப்படி அறுத்து எடுப்பது, மெல்லிய தகடுகளை எப்படி அடுக்குவது, வெற்றிட உலையில் அவற்றை எப்படிப் பற்றவைப்பது, புதிய உள்ளகத்தைப் பழைய கூட்டோடு எப்படி வெல்டிங் செய்து சேர்ப்பது என்று முழுச் செய்முறையையும் வகுத்துத் தர வேண்டும்.

எதிரியிடம் கைப்பற்றிய கருவியைத்தான் பொதுவாக இப்படிப் பிரித்துப் போட்டு ஆராய்வார்கள். இங்கே தன்னுடைய சொந்த விமானத்துக்கே ஒரு வல்லரசுக்கு அது தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்று அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. வரைபடம் தொலைந்துவிட்டது, கம்பெனி மூடிவிட்டது என்று அவரவர் ஊகித்தார்கள். அந்தக் குறிப்பிட்ட பாகத்துக்கு என்ன ஆனது என்பதைவிட, இப்படி ஒரு நிலைமை பி-2-க்கு ஏன் வந்தே தீர வேண்டியிருந்தது என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். அதன் வேர் 1992-இல் இருக்கிறது.

பி-2-இன் விலை உலகப் பிரசித்தம். ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்துப் பங்கிட்டால் 1997-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் ஒரு விமானத்துக்குச் சராசரியாக 213 கோடி டாலர். எல்லாரும் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான். இதற்குள் ஒளிந்திருக்கும் வேறு இரண்டு எண்கள் அதிகம் பேசப்படுவதில்லை. விமானத்தைக் கட்டுவதற்கான செலவு மட்டும் சராசரியாக 73.7 கோடி டாலர். உதிரிபாகம், துணைக் கருவிகள், பிற்பாடு செய்யும் திருத்தங்கள், மென்பொருள் உதவி எல்லாம் சேர்ந்தால் 92.9 கோடி டாலர். கட்டி முடித்த விமானத்தைப் பறக்கிற நிலையில் வைத்திருப்பதற்கென்றே, ஒவ்வொன்றுக்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் போதவில்லை.

போதாமல் போனதற்குக் காரணம் எண்ணிக்கை. முதலில் போட்ட திட்டம் 132 விமானங்கள். சோவியத் யூனியனின் வான்பாதுகாப்பை ஊடுருவிச் சென்று அணுகுண்டு வீசுவது அதன் நோக்கம். 1981-இல் லாக்ஹீட் நிறுவனத்தோடு போட்டியிட்டு நார்த்ராப் இந்த ஒப்பந்தத்தைப் பெற்றது. விமானம் 1988 நவம்பர் 22 அன்று கலிஃபோர்னியாவின் பாம்டேலில் வெளியுலகத்துக்குக் காட்டப்பட்டது. 1989 ஜூலை 17 அன்று முதல்முறை பறந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. எந்த எதிரிக்காகக் கட்டினார்களோ அந்த எதிரி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தான். 1990-இல் பாதுகாப்புச் செயலர் டிக் செனி 132-ஐ 75 ஆக்கினார். 1992 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் அதை 20 ஆக்கினார். பிற்பாடு, சோதனைக்காகக் கட்டிய முதல் விமானத்தையும் போருக்கு ஏற்றபடி மாற்றியமைத்ததால் மொத்தம் 21.

புஷ் எடுத்த முடிவை அந்தக் காலத்தில் நின்று பார்த்தால் குறைசொல்ல முடியாது. பனிப்போர் முடிந்துவிட்ட நிலையில் மேலும் மேலும் அணுகுண்டு விமானங்களை வாங்குவதை எந்த வரிசெலுத்துநரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்ததில் மிச்சமானது வாங்கும் செலவு மட்டுமே. பராமரிப்பின் சுமை அதே விகிதத்தில் குறையவில்லை. ஒரு விமானத்துக்கு என்று கணக்கிட்டால் கூடவே செய்தது.

அது எப்படி என்பதற்கு ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். 132 விமானங்களுக்கு அந்த வால்வைச் செய்யும் சிறு தொழிற்சாலைக்கு ஆண்டுதோறும் ஆர்டர் வரும். அச்சுகளை எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். வேலை தெரிந்த ஆள் வேலையில் இருப்பார். அவரிடம் இன்னொருவர் கற்றுக்கொள்வார். 21 விமானங்களுக்கு, பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏழெட்டு வால்வு தேவை என்றால் எந்த முதலாளி அச்சுகளைப் பாதுகாப்பார்? விமானப்படையின் தரச் சான்று, சோதனைகள், ரகசியக் காப்பு நிபந்தனைகள் எல்லாம் ஏழெட்டு வால்வுக்கும் அதேதான், எழுநூறு வால்வுக்கும் அதேதான். அந்தச் செலவு முழுவதும் அந்த ஏழெட்டின் தலையில் விழும். நிறுவனம் நாகரிகமாக மறுத்துவிடும். அல்லது கேட்பவர் மயங்கி விழும்படி ஒரு விலை சொல்லும். இந்தச் சிக்கலைப் பற்றிப் பென்டகனில் தனியாக ஒரு துறையே யோசித்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பழைய ஆயுதங்களுக்கும் உள்ள வியாதிதான் இது. பி-2-க்குப் பிறவியிலேயே வந்துவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பிக்கோ ரிவேரா என்று ஓர் ஊர். அங்கே ஃபோர்டு நிறுவனத்தின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது, 1980-இல் மூடப்பட்டது. நார்த்ராப் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, பி-2-இன் வடிவமைப்பு வேலையையும் பாகங்கள் செய்யும் வேலையையும் வெளியார் கண்ணில் படாமல் அங்கே நடத்தியது. காகிதத்தில் வரைந்து, முழு அளவு மாதிரி கட்டிப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிட்டு, கணினியில் முப்பரிமாணத் தரவாகவே ஒரு பெரிய விமானத்தை வடிவமைத்த முன்னோடி முயற்சி அது. தயாரிப்பு முடிந்தது, ஆட்கள் கலைந்தார்கள், கட்டடங்களை இடித்தார்கள். இன்று அங்கே வணிக வளாகம். வால்மார்ட் கடையும் வந்தது. பி-2-இன் பாகங்கள் உருவான இடத்தில் மக்கள் தள்ளுவண்டியோடு பால், முட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வடிவமைப்புத் தரவு இருக்கும்வரை தொழிற்சாலை போனால் என்ன என்று தோன்றலாம். ஒரு பாகம் முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். அதை அந்த நிலைக்குக் கொண்டுவரும் வழியை முழுவதும் சொல்லாது. வெப்பப் பரிமாற்றியின் தகடுகளை அடுக்கும்போது எவ்வளவு அழுத்தம், உலையை எந்த வேகத்தில் சூடாக்கி எந்த வேகத்தில் ஆறவிடுவது, எந்த இடத்தில் பற்று ஒழுகும் என்பவை பட்டறையில் பட்டுத் தெரிந்துகொள்கிற சங்கதிகள். அவற்றில் பாதி குறிப்பேட்டில் இருக்கும். மீதி ஓய்வுபெற்றுப் போனவரோடு போய்விடும். 2021 அறிவிப்பு கேட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். அடுக்குதல், பற்றவைத்தல், வெல்டிங் என்று எல்லாமே செய்முறை.

பி-2-இல் எல்லாப் பாகங்களுக்கும் இந்தக் கதி இல்லை. அதன் நான்கு எஞ்சின்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-118 வகை. எஃப்-16 போர் விமானத்தில் உள்ள எஃப்-110 எஞ்சினின் உடன்பிறப்பு அது. அந்த வம்சத்தின் மூல எஞ்சின் பி-1 குண்டுவீச்சு விமானத்தில் இருக்கிறது. யு-2 உளவு விமானத்திலும் எஃப்-118 வகையே ஓடுகிறது. ஆகவே எஞ்சினுக்குப் பாகம் தேடி யாரும் அலைவதில்லை. விமானிகள் அவசரத்தில் வெளியேறும் ஏசஸ்-2 இருக்கை எஃப்-15, எஃப்-16, ஏ-10 விமானங்களிலும் இருப்பது. பிரதான சக்கரக் கால்கள் போயிங் 757, 767 பயணிகள் விமானங்களின் வழிவந்தவை. 21 விமானங்கள் கொண்ட கூட்டத்தில் எந்தப் பாகத்துக்கு வேறு விமானங்களில் சொந்தபந்தம் இருக்கிறதோ அது பிழைத்துக்கொள்கிறது. தனியாகப் பிறந்த பாகம்தான் அநாதையாகிறது. பி-2-ஐ பி-2 ஆக்குவது முழுக்க முழுக்கத் தனியாகப் பிறந்த பாகங்களே.

அது ஏன் என்று புரிய அந்த விமானத்தின் உருவத்தைப் பார்க்க வேண்டும். வால் இல்லை, தனியான உடலும் இல்லை. 172 அடி அகலத்துக்கு ஒரே இறக்கை. நீளம் 69 அடிதான். இந்த வடிவத்தின் ஆசை பழையது. நார்த்ராப் நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் நார்த்ராப், பறக்கும் இறக்கை ஒன்றே விமானத்தின் தூய வடிவம் என்று நம்பியவர். 1946-இல் எக்ஸ்பி-35, 1947-இல் ஒய்பி-49 என்று இரண்டு பெரிய பறக்கும் இறக்கைகளைப் பறக்கவிட்டார். ஒய்பி-49 ஒன்று 1948 ஜூனில் விழுந்து நொறுங்கியது. அதில் இறந்த கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் பெயரில்தான் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கட்டிய விமானங்கள் உடைக்கப்பட்டுக் காயலாங்கடைக்குப் போயின. 1980-இல், நோயில் ஒடுங்கிப் பேச்சும் தடுமாறிய நிலையில் இருந்த அந்த முதியவரை அழைத்து, தனி ரகசிய அனுமதி பெற்று, புதிய விமானத்தின் மாதிரியைக் காட்டினார்கள். மறு ஆண்டு அவர் இறந்தார். ஒய்பி-49-இன் இறக்கை அகலமும் 172 அடிதான்.

ஜாக் நார்த்ராப் காற்றின் எதிர்ப்பைக் குறைக்க விரும்பினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதே வடிவம் ரேடாருக்காகத் தேவைப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்காந்த அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்ற கணக்கை எழுதியவர் பியோத்தர் உஃபிம்த்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர். 1962-இல் மாஸ்கோவில் அவர் நூல் வெளியானது. சோவியத் ராணுவம் அதில் பெரிதாக எதையும் காணவில்லை; ரகசியம் என்று முத்திரை குத்தாமல் விட்டுவிட்டது. 1971-இல் அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்தது. அமெரிக்க ஸ்டெல்த் விமானங்களின் கணக்குகளுக்கு அது அடித்தளமாயிற்று.

அந்தக் கணக்கு விமானத்தின் பராமரிப்பையும் பிடித்து ஆட்டுகிறது. ரேடார் அலை விமானத்தின் மேற்பரப்பில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். வழியில் ஓர் இடைவெளி, ஒரு கீறல், ஓர் ஓரம் தூக்கிய தகடு இருந்தால் அங்கே அலை சிதறித் திரும்பும். வேறு விமானத்தில் ஒரு மூடியைக் கழற்றி உள்ளே பாகத்தை மாற்றி மூடியைத் திருப்பி முடுக்கினால் வேலை முடிந்தது. பி-2-இல் பாகத்தை மாற்றிய பிறகுதான் பெரிய வேலையே தொடங்கும். மூடியின் சுற்று இடைவெளியை அடைக்க வேண்டும், மேலே நாடா ஒட்ட வேண்டும், பூச்சு பூச வேண்டும், அது காய்ந்து இறுகக் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். பத்து நிமிட வேலைக்காக விமானம் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும். பிற்பாடு ரோபோக்களைக் கொண்டு தெளிக்கும் ஒரு புதிய பூச்சு வந்தது. அதனால் ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 3,000 அடி நீள நாடா தேவையில்லாமல் போயிற்று என்றால் பழைய நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

1997-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு, பி-2-இன் மேல்பூச்சு மழைக்கும் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் தாங்காது, வெப்பநிலை கட்டுப்படுத்திய கொட்டகை இல்லாத இடத்தில் அதை நிறுத்த முடியாது என்று அறிக்கை கொடுத்தது. மழையில் நனையக் கூடாத விமானம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி கொஞ்சம் அநியாயம். மழையில் பறக்கும்; பறந்து வந்தபிறகு ஆகும் வேலைதான் தாளாது. மிசோரி மாநிலத்தின் வொய்ட்மேன் தளமே அதன் வீடாக இருப்பதற்கும், 1999-இல் யூகோஸ்லாவியாவைத் தாக்க அங்கிருந்தே முப்பது மணி நேரம் போய்வந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். அதன்பிறகு இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டிலும் டியகோ கார்சியாவிலும் அதற்கென்று தனிக் கொட்டகைகள் கட்டினார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலுக்கு நடுவில் சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தீவு டியகோ கார்சியா. 2001-இல் ஆப்கானிஸ்தானில் குண்டுவீசிவிட்டு பி-2-கள் அங்கேதான் இறங்கின. 2025 வசந்த காலத்தில் குறைந்தது ஆறு பி-2-கள் அங்கே வந்து நின்றன.

பெரிய பராமரிப்பு பாம்டேலில் நடக்கிறது. முன்பு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, இப்போது ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு விமானமும் அங்கே போய் ஆடையைக் களைகிறது. பூச்சை உரிக்க உலோகத் துகளையோ மணலையோ பயன்படுத்தினால் அடியிலுள்ள கலப்பிழைத் தோல் காயப்படும். ஆகவே படிகமாக்கிய கோதுமை மாவுச்சத்துத் துகள்களைக் காற்றழுத்தத்தில் வீசி அடிக்கிறார்கள். பூச்சு உதிர்கிறது, தோல் தப்பிக்கிறது. பிறகு புதிதாகப் பூசி, அளந்து, திருப்பி அனுப்ப 470 நாட்கள் ஆயின. அண்மையில் ஒரு விமானத்தை 379 நாட்களில் முடித்ததை நார்த்ராப் க்ரம்மன் (நார்த்ராப்பின் இன்றைய பெயர்) சாதனையாக அறிவித்தது.

எஞ்சின் சுலபம் என்றேன். எஞ்சினிலிருந்து வரும் புகைக்கு அப்படியில்லை. வெப்பத்தைத் தேடி வரும் கருவிகளிடமிருந்து மறைப்பதற்காகப் புகைவாயைத் தட்டையாக்கி இறக்கையின் மேல்பக்கம் வைத்திருக்கிறார்கள். சுடும் வாயு டைட்டானியத் தளத்தின்மேல் பரவி ஆறிப் பின்னால் போகிறது. அந்தத் தளம் ஒவ்வொரு பறப்பிலும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கியதில் விரிசல் விட ஆரம்பித்தது. வேறு எந்த விமானத்திலும் இல்லாத பாகம். ஆகவே கடன் வாங்க இடமில்லை. இந்தப் புகைவாய் அமைப்பில் வேலை செய்தவர்களில் ஒருவர் மும்பையில் பிறந்த நோஷிர் கோவாடியா. தன் நிபுணத்துவத்தைச் சீனாவுக்கு விற்று, ரேடார்க் கண்ணுக்கும் வெப்பக் கண்ணுக்கும் தப்பும் ஏவுகணைப் புகைவாயை வடிவமைத்துத் தந்ததாக 2010-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2011 ஜனவரியில் 32 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ரகசியக் காவல் எவ்வளவு கடுமையாக இருந்தும் அறிவு வெளிநாட்டுக்குப் போக ஒரு வழி கண்டுபிடித்தது. அடுத்த மேசையில் உட்காரும் இளைஞனுக்குப் போய்ச் சேருவதற்குத்தான் வழியில்லாமல் திண்டாடியது.

அப்படிப் போய்ச் சேராத ஒரு சின்ன விஷயம் ஒரு முழு விமானத்தையே தின்றது. 2008 பிப்ரவரி 23, குவாம் தீவின் ஆண்டர்சன் தளம். ‘ஸ்பிரிட் ஆஃப் கேன்சஸ்’ என்ற பி-2 நாலு மாத முகாம் முடிந்து வீடு திரும்பத் தயாராக நின்றது. குவாமில் நல்ல மழை. விமானத்தின் மேற்பரப்பில் காற்றழுத்தத்தை அளக்கும் 24 உணரிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. பி-2-க்கு மற்ற விமானங்களைப்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றளவுக் குழாய் கிடையாது. அதுவும் ரேடாரில் தெரிந்துவிடும். தோலோடு சமமாகப் பதித்த துளைகள்தான் வேகத்தையும் கோணத்தையும் சொல்ல வேண்டும். ஈரத்தோடு எடுத்த அளவு தவறாக இருந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்துத் திருத்தக் கணக்கைப் பராமரிப்பாளர்கள் கணினியில் ஏற்றினார்கள். ஓடுபாதையில் சூடேறி ஈரம் காய்ந்தது. அளவு சரியாயிற்று, திருத்தம் தவறாயிற்று. போதுமான வேகம் வந்துவிட்டதாகக் கணினி விமானிகளுக்குக் காட்டியது. உண்மை வேகம் அதைவிடக் குறைவு. மூக்கு கீழ்நோக்கி இருப்பதாகவும் நினைத்துக்கொண்டு, கணினி தானாகவே மூக்கைச் சுமார் 30 பாகை உயர்த்தியது. விமானம் தூக்குசக்தி இழந்து, இடது இறக்கை நுனி தரையில் உரச, விழுந்து எரிந்தது. இரு விமானிகளும் வெளியேறித் தப்பினார்கள். நஷ்டம் சுமார் 140 கோடி டாலர்.

விசாரணையில் வெளியான ஒரு தகவல்தான் நம் பேச்சுக்குத் தேவை. ஈரமான உணரிகளை அளவு பார்க்கும் முன், அவற்றுக்குரிய சூடேற்றியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஈரம் காய்ந்துவிடும். 2006-இலேயே குவாமில் சில பராமரிப்பாளர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கைப்பழக்கமாகச் செய்தார்கள், எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை. 2008-இல் வந்த குழுவினருக்கு அது தெரியாது. உதிரிபாகச் சிக்கலும் இந்த விபத்தும் வேறு வேறு என்று நான் நினைக்கவில்லை. இரண்டிலும் தொலைந்துபோனது ஒரே வகைச் சரக்குதான்.

21 இருபதாயிற்று. ஈராண்டு கழித்து அதே குவாமில் ‘ஸ்பிரிட் ஆஃப் வாஷிங்டன்’ எஞ்சின் பகுதியில் தீப்பிடித்தது. முதலில் சின்னத் தீ என்றார்கள். பறந்து ஊர் திரும்பவே ஒன்றரை ஆண்டாயிற்று. படைக்குத் திரும்பியது 2013 டிசம்பரில். பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவு. வேறு எந்தப் படையிலும் இப்படி எரிந்த விமானத்தை ஓரங்கட்டிவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார்கள்.

2021 செப்டம்பர் 14 அன்று ‘ஸ்பிரிட் ஆஃப் ஜார்ஜியா’ வொய்ட்மேனில் இறங்கும்போது இடது சக்கரக் கால் மடங்கி, இறக்கை தரையில் இழுபட்டுப் புல்வெளியில் போய் நின்றது. காலை விறைப்பாகப் பூட்டி வைக்க வேண்டிய ஸ்பிரிங்குகள் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களோடு இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. சொந்தபந்தம் உள்ள பாகமும் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் கைவிட்டுவிடும் என்பதை மறுக்க முடியாது. ஸ்பிரிங் மாற்றுவது சுலபம். உடைந்த இறக்கைத் தோலுக்கு எங்கே போவது? கலப்பிழைப் பொருளால் ஒரே பெரும் பரப்பாக வார்த்த தோல் அது. வார்த்த அச்சுகளும் உலைகளும் எப்போதோ போய்விட்டன. கடைசியில், பல ஆண்டுகளுக்கு முன் சோதனைக்காகவே கட்டி, ஒருபோதும் பறக்காத ஒரு பி-2 உடலிலிருந்து தோலை வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டார்கள். ஓடாத அம்பாசிடரைப் பிரித்து ஓடுகிற அம்பாசிடருக்கு மாட்டுகிற நம்மூர் மெக்கானிக் செய்வதும் இதைத்தான். அந்த விமானம் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சேவைக்குத் திரும்பியது.

‘ஸ்பிரிட் ஆஃப் ஹவாய்’க்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2022 டிசம்பர் 10 அன்று வானத்தில் கோளாறு ஏற்பட்டு வொய்ட்மேனில் இறங்கித் தீப்பிடித்தது. மொத்தக் கூட்டமும் 2023 மே வரை பறக்காமல் நின்றது. செப்பனிடுவது கட்டுப்படியாகாது என்று 2024-இல் விமானப்படை அதைக் கணக்கிலிருந்து நீக்கியது. இப்போது இருப்பது 19.

எல்லாம் வயதால் வருகிற வம்பு என்று சொல்லிவிட முடியாது. பி-2-இன் ரேடாரை மாற்ற வேண்டி வந்தது அது பழுதானதால் அல்ல. அது பயன்படுத்திய அலைவரிசையில் அமெரிக்க அரசே வணிக நிறுவனங்களுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டது. குண்டுவீச்சு விமானம் இடத்தைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. எதிரி ரேடார்களை அடையாளம் காணும் தற்காப்புக் கருவியைப் புதுப்பிக்கும் திட்டம் செலவும் தாமதமும் பெருகி, 2020-இல் கைவிடும் முடிவுக்கு வந்தது. பணத்தைப் புதிய விமானத்தில் போடலாம் என்பது கணக்கு.

மலிவாக முடிந்த காரியங்களும் இல்லாமலில்லை. விமானி அறையின் இடதுபக்கம் நான்கு சுவிட்சுகள் கொண்ட ஒரு பலகை. எஞ்சினிலிருந்து ஹைட்ராலிக் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் போகும் இணைப்பைத் துண்டிப்பவை அவை. கைதவறி யாராவது தட்டிவிட்டால் விமானம் அவசரமாகத் தரையிறங்க வேண்டியதுதான். அப்படி நடந்தும் இருக்கிறது. அதற்கு ஒரு மூடி வேண்டும். இருபது மூடிக்காக அச்சு செய்து தர எந்த நிறுவனத்தைத் தேடுவது? 3டி பிரின்டரில் பாலிமரைக் கொண்டு தாங்களே அச்சிட்டு மாட்டிக்கொண்டார்கள். சிறு எண்ணிக்கைக்கு 3டி அச்சு நல்ல மருந்துதான். ஆனால் வெற்றிட உலையில் பற்றவைத்த உள்ளகத்துக்கும் ஒரே பரப்பாக வார்த்த இறக்கைத் தோலுக்கும் அந்த மருந்து இன்னும் எட்டவில்லை.

இத்தனை இல்லாமையையும் மீறி அந்த விமானம் வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 19 விமானங்கள், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பெரும் பராமரிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டுக்கு மேல் என்று கணக்குப் போட்டால் எந்த நேரத்திலும் இரண்டு மூன்று பாம்டேலில் இருக்கும். சோதனைக்கும் பயிற்சிக்கும் கழித்தால் போருக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலிருந்து 2025 ஜூனில் ஏழு விமானங்கள் மிசோரியிலிருந்து கிளம்பி, ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ் அணுநிலையங்களின்மேல் ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல் எடையுள்ள 14 குண்டுகளைப் போட்டுவிட்டு, சுமார் 37 மணி நேரத்தில் வீடு திரும்பின. திசைதிருப்ப வேறு சில பி-2-கள் பசிபிக் பக்கம் போயின. தாக்குதலின் நியாய அநியாயம் தனி விவாதம். பராமரிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அன்று ஒரே சமயத்தில் இத்தனை விமானங்களைக் கிளப்பிய வொய்ட்மேன் தொழில்நுட்பர்களின் வேலை விமானிகளுடைய வேலைக்குக் குறைந்ததல்ல.

பி-2-இன் இடத்துக்கு வரப்போவது அதே நார்த்ராப் க்ரம்மன் கட்டும் பி-21 ரெய்டர். 2022 டிசம்பரில் அறிமுகமாகி, 2023 நவம்பர் 10 அன்று முதல்முறை பறந்தது. உருவத்தில் பி-2-இன் தம்பி. கருவிகளைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி அமைத்திருப்பதாகவும், தினசரி பறக்கக்கூடிய அளவுக்குப் பராமரிப்பு எளிது என்றும் சொல்கிறார்கள். இந்த வாக்குறுதிகளை நான் அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டேன். பி-2-க்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பொருட்படுத்த வேண்டியது விமானப்படை கேட்டிருக்கும் எண்ணிக்கை: குறைந்தது 100. அந்த எண் நிலைத்தால் சிறு தொழிற்சாலைகளுக்கு இருபது முப்பது ஆண்டு வேலை இருக்கும். இன்றைக்கு வெல்டிங் செய்பவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வுபெறுவார். காங்கிரஸ் நடுவழியில் அதை முப்பது நாற்பதாக வெட்டினால், 2050-களில் பி-21-க்கும் ஒரு ரிவர்ஸ் இன்ஜினியரிங் அறிவிப்பு வரும்.

அதுவரை பி-2 பறந்தாக வேண்டும். 2024 மே மாதம் நார்த்ராப் க்ரம்மனோடு விமானப்படை செய்துகொண்ட பராமரிப்பு ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 700 கோடி டாலர், காலக்கெடு 2029. விமானக் கணக்கில் பங்கிட்டால், ஒரு புதிய பி-21-ஐக் கட்டுவதற்குக் கணக்கிட்டிருக்கும் சராசரி விலையில் பாதிக்கு மேல் ஒரு பழைய பி-2-ஐக் காப்பாற்றவே ஒதுக்கியிருக்கிறார்கள்.